தேனீயின் கோட்டை

நோய் எதிர்ப்பாற்றலை அரபியில் ‘மனாஆ’ என்பர். தடுத்தலைக் குறிக்கும் வேரினின்று பிறந்த சொல் அது; எவரும் எளிதில் புகவொண்ணாத கோட்டையையும் அவ்வேர்ச் சொல்லாலேயே வருணிப்பர். மனித உடலினும் பூச்சியின் உடலுக்கே இச்சொல் நன்கு பொருந்துமென்று நமக்குத் தோன்றுவதுண்டு.

பூச்சிக்கு மேல்தோலே கோட்டைச் சுவர். சுவர் கீறுண்டால் காயம் கறுத்து இறுகி அடைபடுகிறது. உட்புகுந்த கிருமியைக் குருதியணுக்கள் விழுங்குகின்றன. கொழுப்புத் திசு கிருமிகொல்லும் சிறு புரதங்களைச் சுரக்கிறது. நம் குருதியில் உண்டாகும் எதிர்ப்புரதம் பூச்சிக்கு இல்லை. ஆயினும் சில மணி நேரத்திற்குள் அதன் படை திரண்டுவிடுகிறது! ஸ்வீடன் நாட்டு ஹான்ஸ் போமன் குழுவினர் 1981இல் பட்டுப்பூச்சி இனமொன்றின் கூட்டுப்புழுவிலிருந்து இத்தகைய புரதங்களைப் பிரித்து விளக்கினர். பழ ஈயில் இக்காவலை எழுப்பும் ‘டோல்’ மரபணுவின் பணியை 1996இல் காட்டிய குழுவின் தலைவர் ஜூல் ஹாஃப்மன், 2011இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயர் தாங்கியது. அத்தேனீயின் மரபணுத் தொகுதியை 2006இல் படித்தறிந்தோர் வியப்புற்றனர்: பழ ஈயிடம் உள்ள காவல் மரபணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே அதனிடம் இருந்தது. குறையைக் குடும்பம் ஈடுசெய்கிறது போலும். நோயுற்ற புழுவை வேலைக்காரத் தேனீக்கள் வெளியே எறிகின்றன; புழுவுக்கு ஊட்டும் பாகிலேயே கிருமிகொல்லிப் புரதம் கலந்துள்ளது.

கோட்டையும் வீழ்வதுண்டு. 1991-92இல் ‘தாய் சாக்புரூட்’ என்னும் வைரஸ் நோய் தென்னாட்டில் பரவியது. புழுக்கள் நீர் நிறைந்த பைகளாகி மடிந்தன. பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட இந்தியத் தேனீக் கூடுகள் அழிந்தன. மார்த்தாண்டத்துத் தேன்பெட்டிகள் வெறுமையாயின. மருந்தில்லை. பிழைத்த கூடுகளைக் கொண்டே மீண்டும் பெருக்க வேண்டியதாயிற்று.

நம் ஸ்ரீவைகுண்டத்து வடகால், தென்கால் பாசனத்தில் வாழை பயிரிடுவோர்க்கு இச்செய்தியில் பங்குண்டு. ‘குளோத்தியானிடின்’ என்னும் பூச்சிக்கொல்லி, சாகடிக்காத சிற்றளவிலும் தேனீயின் காவலைத் தளர்த்தி, உள்ளே அடங்கிக் கிடந்த வைரஸைப் பெருகச் செய்கிறதென்று இத்தாலிய ஆய்வாளர் 2013இல் கண்டறிந்தனர். காவலனை உறங்கவைத்துக் கதவைத் திறப்பது போன்றதன்றோ அது!

தோட்டக்காரர் ஒருவரிடம் இதனைக் கூறினோம். “அப்ப சாயங்காலம் அடிச்சா தேவலையா, ஹஸ்ரத்?” என்றார். தேனீ கூடடைந்த பின் தெளித்தால் மேலே படுவது குறையும். பூவில் தங்கிய நஞ்சு மறுநாளும் இருக்கும் என்றோம். அவர் மருந்துக் குப்பியைத் திருப்பி அதிலுள்ள பெயரை எழுத்துக்கூட்டிப் படிக்கலானார்.