உப்பின் வெள்ளைக்கு மை கிடையாது

“தலைப்ப மறைச்சிட்டா இது என்ன படம்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டபடியே மடிக்கணினித் திரையின் மேல்பாதியைக் கையால் மூடினார் அண்ணாச்சி. மாணவர்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டுப் பிள்ளைகள். தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் ஒரு தாயைப் பற்றி இருபது நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறார்கள், பெயர் ‘உப்பளம்’. கல்லூரியில் திரையிடுவதற்கு முன் போஸ்டர் அடித்து ஊரில் ஒட்ட வேண்டும் என்று ஆசை. அதற்காகத்தான் சிவகாசி வந்திருந்தார்கள். போஸ்டர் உருவாகும் வழியை முழுதாகப் பார்க்க வேண்டும் என்று நானும் கூடவே போயிருந்தேன்.

அவர்கள் செய்து வந்திருந்த போஸ்டரில் அம்மாவின் முகம், மகளின் முகம், நிழலுருவாக முதலாளி, ட்ரோனில் எடுத்த பாத்திகள், ஒரு லாரி, அந்திச் சிவப்பு எல்லாமே இருந்தன. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நல்ல படம்தான். ஆனால் கண் முதலில் எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி கணினிக்கு முந்தைய காலத்து டிசைனர். ஸ்டில்களைக் கத்தரித்து அட்டையில் ஒட்டி, விளிம்பு தெரியாமல் வண்ணம் பூசி, தலைப்பைத் தூரிகையால் எழுதிப் பழகிய கை. 1967இல் பாபு இயக்கிய ‘சாட்சி’ தெலுங்குப் படத்தில் தொடங்கி, சென்னையிலிருந்தபடி பல நூறு படங்களுக்குப் போஸ்டர் வரைந்த ஈஸ்வரைப் பற்றிப் பேசினால் அவர் குரலே மாறிவிடுகிறது. சத்யஜித் ராய் தன் படங்களுக்குத் தானே போஸ்டர் வரைந்தவர் என்பதைப் பிள்ளைகளிடம் சொன்னார். விளம்பர நிறுவனத்தில் ஓவியராக வேலை பார்த்த பிறகுதான் ராய் படமெடுக்க வந்தார். போஸ்டரைப் படம் முடிந்தபின் பார்த்துக்கொள்ளும் வேலையாக நினைக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

“படத்தப் பாத்துட்டு வீட்டுக்குப் போறவனுக்கு, ராத்திரி படுக்கும்போது எது ஞாபகம் வரும்?”

இயக்கிய பெண் யோசிக்கவே இல்லை. “அம்மாவோட காலு, அண்ணாச்சி.”

உப்புநீரில் நின்று நின்று வெடித்த குதிகால். படத்தில் அந்தக் காட்சி நான்கு விநாடி வருகிறதாம். ஸ்டில் ஏதும் எடுக்கவில்லை. வீடியோவிலிருந்து ஒரு ஃபிரேமை உருவி எடுத்தார்கள். அகலவாக்கில் 1920 புள்ளிகள். அதை 30 அங்குல அகலத்துக்கு விரித்தால் அங்குலத்துக்கு 64 புள்ளிகள்தான் மிஞ்சும். சுவர் போஸ்டருக்கே 150 இருந்தால்தான் நிம்மதி. போதாததற்கு அசைவில் கலங்கல் வேறு. “திரும்பப் போயி எடுத்துட்டு வாங்க. வெயில் ஏறுறதுக்கு முன்னால, பக்கவாட்டு வெளிச்சத்துல எடுங்க. அப்பத்தான் வெடிப்பு தெரியும்” என்று அனுப்பிவைத்தார்.

அடுத்த முறை போனபோது போஸ்டரில் இரண்டே கால்கள் இருந்தன. முழங்காலுக்குக் கீழே, கருத்து, ஈரமாக. பாதத்துக்குக் கீழே ஒன்றுமே இல்லை, வெற்றுத் தாள். உப்பைக் காட்ட வண்ணம் தேடியவர்களிடம், “நாலு கலர்ல வெள்ளை கிடையாதும்மா. தாள்தான் வெள்ளை. உப்ப அச்சடிக்க வேண்டாம், அப்படியே விட்டுரு” என்று சொல்லியிருக்கிறார். அந்தத் தாளின் வெறுமையே உப்பளமாகக் கண்ணைக் கூசவைத்தது. பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

தலைப்பு எழுத்துக்குத்தான் அதிக நேரம் போனது. ஒல்லியான, நாகரிகமான ஓர் எழுத்துருவைத் தேர்ந்திருந்தார்கள். தாளை எதிர்ச்சுவரில் மாட்டி, எங்களை வாசலுக்கு வெளியே நிறுத்தினார். ‘ப்’பிலும் ‘ம்’மிலும் இருந்த புள்ளிகள் காணாமல் போயிருந்தன. தமிழில் புள்ளி தொலைந்தால் சொல்லே தொலைந்துவிடும். தட்டைத் தூரிகையை எடுத்து தலைப்பை அவரே எழுதினார். புள்ளிகளை வட்டமாக வைக்காமல் சாய்சதுரமாக, எழுத்தின் தடிமனுக்குச் சமமாக வைத்தார். ‘உ’வின் வாலைக் கூடுதலாக இழுத்து, அதன் மேல் மற்ற எழுத்துகளை உட்கார வைத்தார். ஒரே மூச்சில் எழுதவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தாளுக்கு மேலே காற்றில் ஒருமுறை வரைந்து பார்த்துக்கொண்டார். எழுதியதை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றினார்கள்.

அச்சகத்தில் காலண்டர் வேலை மும்முரம். ஆடிப்பெருக்குக்குப் புது காலண்டர் ஆல்பம் வெளிவந்த பிறகு இந்த ஊர் எந்திரங்களுக்கு ஓய்வில்லை. ஆஃப்செட்டில் இருநூறு பிரதி மட்டும் அடிப்பது கட்டுபடியாகாது. நாலு பிளேட் செலவும், நாலு நிறமும் பொருந்தி ரெஜிஸ்டர் சேரும்வரை வீணாகும் தாளும் ஆயிரத்துக்கும் அதேதான். வேறொரு வேலையின் பெரிய தாளில் மிச்சமிருந்த இடத்தில் இவர்களுடையதையும் சேர்த்துக்கொள்ள அச்சகக்காரர் மனம் வைத்தார். அதனால் 30க்கு 40 என்றிருந்த அளவு 20க்கு 30 ஆகச் சுருங்கியது. சுருங்கியும் அந்தக் கால்கள் நின்றன. பழைய போஸ்டராக இருந்திருந்தால் அந்த அளவில் ஏழெட்டு விஷயமும் கசங்கிப் போயிருக்கும்.

எந்திரத்தை ஓட்டியவர் முதல் தாளை உருவி, லென்ஸை ஓரத்துக் குறியின் மேல் வைத்துக் குனிந்தார். நான்கு நிறங்களின் சிலுவைக் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழ வேண்டும். மெஜந்தா மயிரிழை விலகியிருந்தது. ஒரு திருப்பு, மறு தாள், மறுபடி லென்ஸ். தண்ணீர் கூடினால் கருப்பு வெளிறும், குறைந்தால் வெற்றிடத்திலும் மை ஏறும். “இந்த வேலையில வெள்ளைதான் கஷ்டம் ஸார். ஒரு சின்ன அழுக்கு விழுந்தாலும் பளிச்சுனு காட்டிக்குடுத்துரும்” என்றார். கருப்புப் பின்னணியில் வெள்ளையாக இருந்த பெயர்ப் பட்டியலை வெள்ளையில் கருப்பாக மாற்றச் சொன்னவரும் இவர்தான். பொடி எழுத்தை நாலு மைக்கு நடுவே வெள்ளையாக விட்டால் இண்டு இடுக்கெல்லாம் மை அடைத்துக்கொள்ளும். பார்ப்பவர்களுக்கு இந்த மனிதர்களின் கை தெரியாது. அடியில் அச்சகத்தின் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும்.

தாளைப் பற்றி எச்சரித்தவர் போஸ்டர் ஒட்டுகிறவர். வழக்கமான மெல்லிய தாளில் பசை ஊறினால், சுவரில் ஏற்கெனவே இருக்கும் போஸ்டர் ஊடே தெரியும். வெள்ளை வெள்ளையாக நிற்காது. கொஞ்சம் கனமான தாளில் ஓடும் வேலையோடு சேர்த்துக்கொள்ளச் சொன்னது அவர் பேச்சைக் கேட்டுத்தான். மைதாவைக் காய்ச்சி, துத்தம் போட்ட பசை வாளியோடு நள்ளிரவுக்கு மேல் கிளம்பினார். துத்தம் போட்டால் பூச்சி அண்டாது. கையில் நீலக்கறை படிந்திருந்தது. சுவரில் பசை, மேலே தாள், அதற்கு மேலும் ஒரு கை பசை. பேருந்து ஜன்னல் உயரத்துக்குத்தான் ஒட்டினார். திரையிடல் தேதி அச்சிட்ட துண்டுத்தாளைக் கால்களுக்குக் கீழே இருந்த வெள்ளையில் வைத்தார். “இப்படி எடம் விட்டுக் குடுத்தா எவன் மூஞ்சியையும் மறைக்க வேண்டாம்ல” என்றார். பெரிய படக்காரர்களின் போஸ்டரில் ‘இன்று முதல்’ துண்டை எங்கே ஒட்டுவது என்று தினமும் தடுமாறுகிறவர் அவர்.

அந்த மாணவர்கள் அடுத்த படத்துக்கான படப்பிடிப்பு அட்டவணை போட்டுவிட்டார்கள். முதல் நாள் காலையில், கேமரா ஓடுவதற்கு முன்பாக, ஸ்டில்ஸுக்கு என்று மூன்று மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அண்ணாச்சிக்குக் கதையை இப்போதே அனுப்பியாகிவிட்டது.