வாய்வழியா, தோல்வழியா?

பேரந்தமான் மொழியில் உடலைப் பற்றிப் பேசுபவர் இடத்தைக் குறிக்காமல் பேச இயலாது. மொழியியலாளர் அன்விதா அப்பியின் ஆய்வின்படி, அம்மொழியின் இலக்கணம் உடலை ஏழு வகையாகப் பகுக்கிறது. வாய் சார்ந்தவற்றுக்கு ஒரு முன்னொட்டு, உள்ளுறுப்புகளுக்கு மற்றொன்று, விரல் போன்ற நுனிப்பகுதிகளுக்கு வேறொன்று. பெயர்ச்சொல் மட்டுமன்றி வினைச்சொல்லும் இவற்றை ஏற்கிறது. 'ஹார்மோன் சிகிச்சை' என்று நாம் வழங்கும் தொடருக்கு அத்தகைய கட்டாயம் இல்லை. மருந்து எவ்வழியாக உடலுக்குள் செல்கிறது என்பதை அது சொல்வதில்லை. மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ அந்த வழி மிக முக்கியமானது.

எஸ்ட்ரடையாலை மாத்திரையாக விழுங்கினால், அது குடலில் உறிஞ்சப்பட்டு வாயிற்சிரை வழியே முதலில் கல்லீரலை அடைகிறது. உடலெங்கும் பரவுமுன்பே குடற்சுவரும் கல்லீரலும் அதன் பெரும்பகுதியை எஸ்ட்ரோனாகவும் எஸ்ட்ரோன் சல்பேட்டாகவும் மாற்றிவிடுகின்றன. எஸ்ட்ரடையாலாகவே பொதுக் குருதியோட்டத்தில் கலப்பது ஏறத்தாழ 5 விழுக்காடுதான். 1 மில்லிகிராம் மாத்திரைக்கு, நாளொன்றுக்கு 50 மைக்ரோகிராம் வெளியிடும் தோல் ஒட்டுப்பட்டை ஏறத்தாழ ஈடாகக் கருதப்படுவது இதனால்தான்.

மாற்றமடைந்த பகுதி முற்றிலும் வீணாவதில்லை. எஸ்ட்ரோன் சல்பேட் குருதியில் சேமிப்புபோல் நின்று, திசுக்களில் மீண்டும் எஸ்ட்ரோனாகவும் எஸ்ட்ரடையாலாகவும் மாறுகிறது. பித்தநீரோடு குடலுக்குத் திரும்பும் ஒரு பகுதியை அங்குள்ள நுண்ணுயிரிகளின் நொதிகள் பிணைப்பவிழ்க்க, அது மறுபடியும் உறிஞ்சப்படுகிறது.

ஆனால், கல்லீரலை முதலில் அடையும் இந்தப் பெருஞ்செறிவுக்கு விளைவுகள் உண்டு. கல்லீரல் சில உறைவுக் காரணிகளை மிகுதியாகச் சுரக்கிறது, டிரைகிளிசரைடும் உயரக்கூடும். சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மாத்திரையால் கூடுகிறது. தோல்வழி எஸ்ட்ரடையால் கல்லீரலின் முதற்சுற்றைத் தவிர்த்துவிடுகிறது. வழக்கமான அளவில் அதைப் பயன்படுத்திய பெண்களைக் கவனித்த ஆய்வுகளில் அத்தகைய உயர்வு தென்படவில்லை.

2002இல் அமெரிக்காவின் 'மகளிர் நல முன்முயற்சி' ஆய்வின் ஒரு பிரிவு இடையில் நிறுத்தப்பட்டது. 16,608 பெண்கள் பங்கேற்ற அப்பிரிவில் சோதிக்கப்பட்டவை, குதிரைச் சிறுநீரிலிருந்து பெறப்பட்ட ஈஸ்ட்ரோஜனும் செயற்கைப் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரைகள். அதிலிருந்து எழுந்த அச்சமோ மருந்து, அளவு, வழி என்ற வேறுபாடின்றி எல்லா ஹார்மோன் சிகிச்சைகளின்மீதும் படிந்தது. உடல் வெப்பத்தாலும் உறக்கமின்மையாலும் அவதியுற்ற பலர் சிகிச்சையையே கைவிட்டனர்.

ஸ்ரீ விஜயபுரத்திலோ மதுரையிலோ ஒரு பெண் மருத்துவரிடம் "ஹார்மோன் எடுக்கலாமா?" என்று கேட்கும்போது, அக்கேள்வி பாதியில் நிற்கிறது. எந்த ஹார்மோன், எவ்வளவு, எவ்வழியாக, தன் குடும்பத்தில் இரத்த உறைவு உண்டா என்பனவும் சேர்ந்தால்தான் அது முழுமை பெறும்.