மாலையில் மலரும் பாலைப் பூக்கள்

"பாலைவனத்தில் ஏது பூ?" என்று கேட்பவர்கள் அங்கே பகலில் மட்டும் போய் வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்!

அமெரிக்காவின் தென்மேற்கில் அரிசோனா, கலிபோர்னியா மாநிலங்களின் பாலைவனங்களில் பல செடிகள் பொழுது சாய்ந்த பிறகே பூக்கின்றன. இரவில் பறக்கும் பெரிய அந்துப்பூச்சிகள்தான் அவற்றின் மகரந்தத்தைச் சுமப்பவை. இருட்டிலும் அந்தப் பூச்சிகளின் கண்ணில் பட வேண்டுமே! அதனால் இந்தப் பூக்களில் வெள்ளைதான் அதிகம். வாசனையும் தூக்கலாக இருக்கும்.

சிக்கலே இங்குதான். பூக்களை நிறம் வாரியாகப் பிரித்துக் காட்டும் கையேட்டோடு போகிறவர் திணறிப்போவார். எங்கு பார்த்தாலும் வெள்ளை! பிறகு எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

முதலில் வடிவம். மணல்மேட்டில் நான்கு அகன்ற இதழ்கள், நடுவில் கூட்டல் குறி போல நான்காகப் பிரிந்த சூல்முடி என்றால் அது மாலை ப்ரிம்ரோஸ். மறுநாள் வெயில் ஏறியதும் இளஞ்சிவப்பாகி வாடிவிடும். அப்போது பார்ப்பவர் வேறு ஏதோ பூ என்றே நினைப்பார்.

ஏறக்குறைய ஒரு சாண் நீளத்தில் புனல் போல விரிந்திருந்தால் அது ஊமத்தை. ஆம், நம்மூர் ஊமத்தைக்கு நெருங்கிய சொந்தம்தான்! முள் நிறைந்த உருண்டைக் காய் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதை மட்டும் தவறாக அடையாளம் காணக் கூடாது. வேர் முதல் விதை வரை அத்தனையும் விஷம். ஆனால் இந்தப் பூவில் தேன் குடிக்கும் அந்துப்பூச்சியின் புழுவோ, இதே செடியின் இலையைத் தின்றுதான் வளர்கிறது!

எல்லாவற்றையும் விடக் கடினமானது 'இரவின் ராணி' என்னும் கள்ளி. வருடம் முழுவதும் புதருக்கு அடியில் பட்டுப்போன குச்சி மாதிரி நிற்கும். உயிரெல்லாம் மண்ணுக்குள் இருக்கும் பெரிய கிழங்கில். கோடையில் ஓர் இரவு பல இதழ்களோடு விரியும் அதன் பூ, விடிந்த பிறகு மூடினால் மூடியதுதான்.

அந்த ஓர் இரவு எல்லோருக்கும் வாய்க்காது. குச்சியாக நிற்கும்போதே அதைத் தெரிந்துகொண்டவர்தான் மிதிக்காமல் விலகி நடப்பார். மாலைப் பூவை அடையாளம் காண உண்மையில் கற்க வேண்டியது, பூக்காத நேரத்துச் செடியைத்தான்.