தண்ணீர் படாத சுத்தம்

எங்கள் வீட்டில் சுத்தம் என்றால் தண்ணீர். வாசல் தெளிப்பதில் தொடங்கி வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது வரை, வாளி முன்னே போகும், அம்மா பின்னே போவாள். டிவி ரிமோட்கூட அவள் ஈரத்துணிக்குத் தப்பியதில்லை. அதனால்தான் ஒருநாள் காலையில் என் லேப்டாப்பைத் திறந்து, கீபோர்டு பளபளவென்று இருப்பதைப் பார்த்தபோது வயிறு கலங்கியது. ஸ்பேஸ் பாருக்கு மேலே ஒரு நீர்த்துளி உட்கார்ந்திருந்தது.

"முறுக்குத் தூளும் எண்ணெய்ப் பிசுக்குமா கெடந்துச்சு. நல்லா தொடச்சு வெச்சேன்" என்றாள்.

சார்ஜரைப் பிடுங்கினேன். பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். துண்டை விரித்து, அதன்மேல் லேப்டாப்பைக் கூடாரம் போலக் கவிழ்த்து வைத்தேன். அரிசிப் பானைக்குள் வைக்கலாமே என்று அம்மா யோசனை சொன்னாள். அரிசித் தூளும் உள்ளே போனால் இன்னொரு வேலை. இரண்டு நாள் ஃபேன் காற்றில் காய்ந்ததும் உயிர் வந்தது. நனைந்த சூட்டோடு அதை ஆன் செய்து பார்க்காததுதான் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம்.

பிசுக்கை எடுக்க வழியில்லாமல் இல்லை. மெஷினை முழுதாக அணைத்து, 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை மென்துணியில் கொஞ்சமாகத் தொட்டு, விசைகளின் மேல் ஒற்றித் துடைத்தால் போதும், சீக்கிரம் ஆவியாகிவிடும். நேராகத் தெளிக்கக் கூடாது. சீக்கிரம் தீப்பிடிக்கும் என்பதால் பூஜை விளக்குக்கும் ஊதுபத்திக்கும் எட்டத்தில் உட்கார வேண்டும். திரைக்கு மைக்ரோஃபைபர் துணியும், தேவைப்பட்டால் அதில் துளி ஈரமும் போதும். கண்ணாடி துடைக்கும் அம்மோனியா கலந்த திரவம் திரையின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும்.

முறுக்குத் தூளையும் லேசாக நினைத்துவிடக் கூடாது. 2015இல் ஆப்பிள் நிறுவனம் 'பட்டர்ஃபிளை' என்ற மிக மெல்லிய கீபோர்டை மேக்புக்கில் கொண்டுவந்தது. விசைக்கு அடியில் இடமே இல்லாத அளவுக்கு மெலிசு. ஒரு பொடித் தூசி போனால் எழுத்து இரண்டு முறை விழும், இல்லை விழவே விழாது. லேப்டாப்பை 75 டிகிரி சாய்த்துப் பிடித்துக் காற்றடிக்கும் முறையைக் கம்பெனியே சொல்லிக்கொடுத்தது. கடைசியில் 2018இல், கெட்டுப்போன கீபோர்டுகளை இலவசமாகச் சரிசெய்து தருவதாக அறிவித்தது.

என் லேப்டாப்புக்கு வேறொரு நோயும் இருந்தது. பிரவுசரைத் திறந்தாலே மிக்ஸி போலக் கத்தும். மடியில் வைத்தால் சுடும். கொஞ்ச நேரத்தில் நத்தையாகும். சூடு எல்லை மீறினால் பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது தெரியாமல், கிழடாகிவிட்டது என்று முடிவுகட்டிப் புதியதற்கு விலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாரண்டி எப்போதோ முடிந்திருந்தது. அந்தத் தைரியத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். கழற்றிய வரிசையிலேயே அவற்றை ஒரு தட்டில் அடுக்கினேன். முதல் வேலையாக பேட்டரியின் இணைப்பைப் பிரித்தேன். கடையில் வாங்கிய காற்று டப்பாவை நிமிர்த்திப் பிடித்து, விட்டுவிட்டு அடித்தேன். சாய்த்தால் காற்றுக்குப் பதில் திரவம் பீறிடும். வாயால் ஊதினால் எச்சிலும் சேர்ந்து போகும். காற்றின் வேகத்தில் குட்டி ஃபேன் கண்மண் தெரியாமல் சுற்றிப் பேரிங் தேய்ந்துவிடாதபடி, இறக்கையை ஒரு பல்குச்சியால் தடுத்துக்கொண்டேன்.

தூசி பறந்தது. சூடு மட்டும் குறையவில்லை. ஃபேனின் மேல்தகட்டையும் எடுத்த பிறகுதான் காரணம் தெரிந்தது. ஃபேனுக்கும் சூட்டை வெளியேற்றும் செப்புத் தகடுகளுக்கும் நடுவே, விளக்குத்திரி கனத்தில் ஒரு பஞ்சுப் பட்டை காற்றுக்கு வழிவிடாமல் அடைத்துக்கொண்டிருந்தது. நீல நிறம். என் போர்வையின் அதே நீலம். மெத்தையில் போட்டு ராத்திரியெல்லாம் படம் பார்த்தது யார் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

எட்டிப் பார்த்த அம்மா ஒன்றும் பேசாமல் உள்ளே போனாள். தன் தையல் மெஷினின் இழுப்பறையிலிருந்து சின்ன பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்தாள். பாபின் கேஸைக் கழற்றி, ஊசிக்கு அடியில் சேரும் நூல் பஞ்சை அவள் அதனால் தட்டி எடுப்பதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். வீட்டில் எதையெதையோ கழுவியவள், அந்த மெஷின்மேல் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் பட விட்டதில்லை. துருப்பிடிக்கும் என்பாள். அவளுக்குத் தெரியாத வித்தையை ஏதோ நான் சொல்லிக்கொடுப்பதாக இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பஞ்சு முழுதாக, ஒரு புழுவைப் போல உருண்டு வந்தது. அதை விரலில் வைத்துப் பார்த்துவிட்டு அவள் கேட்டாள்: "ரெண்டு சொட்டு எண்ணெய் விடட்டுமா?"

வேண்டாம் என்று அலறினேன். சிரித்தாள். மூடியைப் பூட்டி ஆன் செய்தேன். ஃபேன் ஓடுகிறதா என்று காதை வைத்துத்தான் கேட்க வேண்டியிருந்தது.

இப்போதும் வெள்ளிக்கிழமை வாளி வருகிறது. என் மேசைக்கு ஓரடி முன்னால் அதை இறக்கிவிட்டு, அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறாள். இழுப்பறையைத் திறக்கும் சத்தம் கேட்கிறது.