பழைய விளையாட்டும் பழைய திரையும்

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்தவர்களின் பெட்டிகளில் அத்தரோடு 'டிவி கேம்' கருவியும் வந்த காலம் ஒன்று உண்டு. தக்கலையிலும் திருவிதாங்கோட்டிலும் குளச்சலிலும் தொண்ணூறுகளில் வளர்ந்த நம்மில் பலர், அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட பொழுதுகளைச் சூப்பர் மாரியோவோடும் கான்ட்ராவோடும் கழித்தவர்கள்.

அவற்றை இன்று எமுலேட்டர் மென்பொருள் வழியே கணினியில் காட்டினால், "இதையா வாப்பா விளையாடுனீங்க? எல்லாம் கட்டங்கட்டமா இருக்கே!" என்கிறார்கள் நம் பிள்ளைகள். அவர்கள் சொல்வது மெய்தான். ஆயினும் நாம் அன்று கண்ட படம் வேறு.

மாரியோ ஓடிய ஃபேமிகாம் கருவி 1983இல் ஜப்பானில் வெளிவந்தது. அதன் படம் அகலத்தில் 256 புள்ளிகளும் உயரத்தில் 240 வரிகளும் கொண்டது. பிக்சர் டியூப் தொலைக்காட்சி அப்புள்ளிகளைக் கூரிய சதுரங்களாகக் காட்டாது. வரிகளுக்கிடையே மெல்லிய இருளை விடும், அடுத்தடுத்த நிறங்களைச் சற்றே கசியவிட்டுக் கலக்கும். வரைந்தவர்கள் அந்தக் கசிவை அறிந்தே வரைந்தார்கள். 1991இல் வந்த சோனிக் விளையாட்டின் அருவி இதற்குச் சான்று. ஒன்றுவிட்டு ஒன்றாக வரைந்த செங்குத்துக் கோடுகளே அந்த அருவி. இன்றைய எல்சிடி திரையில் அவை கம்பி வேலியாகத் தெரிகின்றன. பழைய திரையிலோ, திற்பரப்பில் நீரினூடே பாறை தெரிவதுபோல், கோடுகள் கலந்து பின்னுள்ள காட்சியைக் காட்டும்.

இந்த இழப்பை ஈடுசெய்ய வந்ததே ஷேடர். படம் திரையை அடையுமுன் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் கணக்கிட்டு மாற்றும் சிறு நிரல் அது. ரெட்ரோஆர்ச் மென்பொருளில் இயங்கும் 'சிஆர்டி-ராயல்' மிக நுணுக்கமானது. வலுவான கிராபிக்ஸ் சிப்பைக் கேட்கும். எளிய கருவிகளுக்கு 'இசட்ஃபாஸ்ட்-சிஆர்டி' போதும். அருவியின் கோடுகள் கலக்க வேண்டுமாயின், வீடியோ கம்பியின் கசிவைப் போலச்செய்யும் 'என்டிஎஸ்சி' வகை ஷேடரும் வேண்டும். படத்தை 4:3 விகிதத்தில் வைப்பதும் அவசியம். விளையாட்டுகளுக்கு உரிமையாளர்கள் உண்டு. அவர்களின் ஹக்கைப் பேணி, முறைப்படி விற்கப்படுவனவற்றையே வாங்குவோம்.

ஒருவரின் உழைப்பை, அது எந்தத் திரைக்காக ஆனதோ அந்தத் திரையில் வைத்துப் பார்த்த பிறகே மதிப்பிடுவது நியாயம். முன்னோர் வாழ்ந்த எளிய காலத்தையும் பிள்ளைகள் அவ்வாறே பார்க்கப் பழகினால் நன்று.

அக்காலத்தின் ஒன்றை மட்டும் எந்த ஷேடரும் மீட்டுத் தராது. மஃரிபு பாங்கு ஒலித்ததும் உம்மா வந்து டிவியை அணைத்துவிடுவார்கள். அந்தப் பொறுப்பு இப்போது நம் கையில் இருக்கிறது.