இரங்கலுரையும் இடித்துரையும்

இறந்தவரைப் பற்றி நல்லதையே பேச வேண்டும் என்பது நம் மக்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் மரபு. உயிரோடிருந்த காலத்தில் முகங்கொடுத்துப் பேசாதவர்கூட, துக்க வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது பழம்பகையையும் அங்கேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே செல்கிறார். பண்பட்ட சமுதாயத்திற்கு இம்மரபு அழகு சேர்ப்பது என்பதில் ஐயமில்லை. ஆனால், இறந்தவர் பொதுவாழ்வில் ஈடுபட்டவராயின் கேள்வி ஒன்று எழுகிறது. அவர் தம் வாழ்நாள் முழுதும் எதிர்த்துப் போராடிய கொடுமையை, அவர் பூதவுடலின் முன் நின்று பேசுவோர் நினைவூட்டலாமா? ஆட்சியில் இருப்போர் எதிரே அமர்ந்திருக்கையில் அவர்தம் குறையை எடுத்துரைக்கலாமா?

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு இரங்கற்கூட்டங்களில் பேசும் கடமை, கேளாமலே வந்து சேர்கிறது. "ஐயா, நீங்கள் நான்கு வார்த்தை சொல்லுங்கள்" என்பார்கள். அடுத்த நொடியே, "அரசியல் மட்டும் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் ஐயா" என்று காதோரம் கூறுவார்கள். இவ்விரு வேண்டுகோள்களையும் ஒருசேரக் கேட்டுப் பழகியவன் நான். மறைந்தவர் அரசியலையே மூச்சாகக் கொண்டவர் என்றால், அரசியலை நீக்கிவிட்டு அவரைப் பற்றி எதைத்தான் பேசுவது? இவ்வினாவை எண்ணும்போதெல்லாம், 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த இறுதிச் சடங்கு ஒன்று என் நினைவுக்கு வருகிறது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தை வழிநடத்திய மார்ட்டின் லூதர் கிங்கின் துணைவியார் கொரெட்டா ஸ்காட் கிங், அவ்வாண்டு ஜனவரி 30ஆம் நாள் தமது 78ஆம் அகவையில் காலமானார். பிப்ரவரி 7ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள ஒரு பெரிய தேவாலயத்தில் இறுதி வழிபாடு நிகழ்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கூடியிருந்தனர். அன்றைய அதிபர் ஜார்ஜ் புஷ்ஷும், முன்னாள் அதிபர்களான அவருடைய தந்தையார், பில் கிளிண்டன், ஜிம்மி கார்ட்டர் ஆகியோரும் மேடையில் வீற்றிருந்தனர். கிங்கின் பழைய தோழரான போதகர் ஜோசப் லோவரி பேச எழுந்தார். ஈராக்கில் பேரழிவு ஆயுதங்கள் இல்லை என்பது இப்போது தெரிந்துவிட்டது என்றும், போருக்குக் கோடி கோடியாகப் பணம் கிடைக்கிறது, ஏழைகளுக்கோ ஒன்றும் மிஞ்சுவதில்லை என்றும் அவர் கூறினார். அவையோர் எழுந்து நின்று கைதட்டினர். கார்ட்டரும் தம் உரையில், கிங் இணையர் அரசின் இரகசிய ஒற்றுக்கேட்புக்கு ஆளானதை நினைவூட்டினார். 2005ஆம் ஆண்டின் கத்ரீனா புயலில் பெருந்துயருற்றோரின் முகநிறத்தைப் பார்த்தாலே, எல்லாருக்கும் சம வாய்ப்பு இன்னும் கிட்டவில்லை என்பது விளங்கும் என்றும் சுட்டிக்காட்டினார்.

இவ்வுரைகள் அந்நாட்டில் பெரும் சர்ச்சையைக் கிளப்பின. கண்டித்தோர் கூறிய காரணங்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. துக்கத்தில் பங்குகொள்ள வந்த விருந்தினர் எழுந்து மறுமொழி கூற இயலாது. வாய் திறக்க முடியாதவரைக் குறை கூறுவது வீரமாகாது என்றனர் சிலர். இறுதிச் சடங்கு குடும்பத்தாருக்கு உரிய நேரம். அதை மேடையாக்குவது முறையன்று என்றனர் வேறு சிலர். மரணத்தின் முன்னிலையிலாவது கட்சி வேறுபாடு ஓய்ந்திருக்கட்டும் என்றனர் இன்னும் சிலர். இம்மூன்றும் நாகரிகம் அறிந்தோர் பேசும் பேச்சே. ஆயினும் இவற்றில் ஒன்று விடுபட்டுப் போயிற்று. பேழையில் கிடந்தவர் யார் என்பதே அது.

1968ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் மெம்பிஸ் நகரில் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்நகரின் துப்புரவுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்குத் துணைநிற்க அவர் அங்குச் சென்றிருந்தார். கணவரின் நல்லடக்கம் 9ஆம் நாள் நடைபெற இருந்தது. அதற்கு முதல் நாள், 8ஆம் தேதி, கொரெட்டா தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மெம்பிஸ் நகருக்குச் சென்று, தம் கணவர் தலைமை தாங்க இருந்த ஊர்வலத்திற்குத் தாமே தலைமை தாங்கினார். கணவர் இன்னும் மண்ணுக்குள் செல்லவில்லை. மனைவியோ வீதியில் தொழிலாளருடன் நடந்துகொண்டிருந்தார். மறுநாள் அட்லாண்டா தேவாலயத்தில், கிங் இரண்டு மாதங்களுக்கு முன்னர் ஆற்றிய அருளுரையின் ஒலிப்பதிவை ஒலிக்கச் செய்தனர். தம் இறுதிச் சடங்கில் என்ன பேச வேண்டும் என்பதை அதில் அவரே கூறியிருந்தார். தாம் பெற்ற நோபல் பரிசைக் குறிப்பிட வேண்டாம் என்றார். பசித்தோர்க்கு உணவளிக்க முயன்றதையும், போர் பற்றிய வினாவில் நேர்மையின் பக்கம் நிற்க முயன்றதையும் சொல்லுங்கள் என்றார். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்த காலம் அது. நாட்டின் துணை அதிபர் அச்சடங்கிற்கு வந்திருந்தார்.

ஆகவே அக்குடும்பத்தில் இரங்கலும் உரிமைக் குரலும் ஒருநாளும் பிரிந்திருந்ததில்லை. கொரெட்டாவும் கணவரின் நிழலில் ஒதுங்கி வாழ்ந்தவர் அல்லர். வியட்நாம் போரை எதிர்த்து 1965ஆம் ஆண்டிலேயே பொதுமேடையில் பேசியவர். தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து, வாஷிங்டனில் அந்நாட்டுத் தூதரகத்தின் முன் 1985ஆம் ஆண்டில் கைதானவர். அத்தகைய அம்மையாரின் முன் நின்று, போரைப் பற்றியும் வறுமையைப் பற்றியும் பேசாமல், "அன்பான தாய், பண்பான மனைவி" என்று மட்டும் சொல்லி அமர்ந்திருந்தால், அவ்வுரை பாதி வாழ்க்கையை மறைத்த உரையாகியிருக்கும். லோவரி பேசியது அவர் சொந்தக் கட்சியின் பேச்சன்று. அம்மையார் எழுந்து நின்றால் எதைப் பேசியிருப்பாரோ, அதுவே.

அப்படியானால் பொதுவாழ்வினர் எவர் இறந்தாலும் அரசியல் பேசலாமா? பேசலாகாது என்பதற்கும் அதே நாட்டில் சான்று உண்டு. மின்னசோட்டா மாநிலத்தின் செனட்டர் பால் வெல்ஸ்டோன், 2002ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் விமான விபத்தில் மாண்டார். அவருடைய மனைவியும் மகளும் உடன் மாண்டனர். துணையாளர் மூவரும் விமானிகள் இருவரும்கூட மாண்டனர். தேர்தலுக்குப் பதினொரு நாட்களே இருந்தன. நான்கு நாள் கழித்து நடந்த நினைவுக் கூட்டத்தில் ஏறத்தாழ 20,000 பேர் திரண்டனர். அங்கே நண்பர் ஒருவர் துயரம் பொங்கப் பேசிய உரை, வெல்ஸ்டோனின் இடத்தைத் தம் கட்சிக்கே வென்று தரும்படி எதிர்க்கட்சியினரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்கும் அளவுக்குச் சென்றது. அஞ்சலி செலுத்த வந்திருந்த மாற்றுக் கட்சித் தலைவர் ஒருவரைக் கூட்டத்தினர் இகழ்ந்து கூச்சலிட்டனர். மாநில ஆளுநர் எழுந்து வெளியேறிவிட்டார். அத்தேர்தலில் வெல்ஸ்டோனின் கட்சி தோற்றது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மாணவர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முன்னதில் பேசியவர், இறந்தவர் எதற்காக வாழ்ந்தார் என்பதைச் சொன்னார். தமக்கென்று எதையும் கேட்கவில்லை. பின்னதில் பேசியவர் வாக்குக் கேட்டார். கண்டனம் வேறு, வேட்டை வேறு. இறந்தவரின் குரலை நம் வாயால் ஒலிப்பது அஞ்சலி. நம் தேவைக்கு இறந்தவரின் பெயரைக் கருவியாக்குவது களவு.

மூன்றாம் சான்று தென்னாப்பிரிக்காவிலிருந்து கிடைக்கிறது. நெல்சன் மண்டேலாவுடன் சிறைவாசம் அனுபவித்தவரும், இந்திய வம்சாவளியில் வந்தவருமான அகமது கத்ராடா, 2017ஆம் ஆண்டு மார்ச் 28ஆம் நாள் மறைந்தார். அதற்கு முந்திய ஆண்டில், அதிபர் ஜேக்கப் ஜூமா பதவி விலக வேண்டும் என்று அவர் வெளிப்படையாகக் கடிதம் எழுதியிருந்தார். குடும்பத்தாரின் விருப்பத்திற்கிணங்க ஜூமா இறுதிச் சடங்கிற்கு வரவில்லை. முன்னாள் அதிபர் மொட்லாந்தே அக்கடிதத்தின் வரிகளையே அங்குப் படித்துக் காட்டினார். மொட்லாந்தேயும் ஜூமாவும் ஒரே கட்சியினர். கத்ராடாவுக்கும் அதுவே தாய்க்கட்சி. இங்கே பேசுபவர் தம் சொல் எதையும் சேர்க்க வேண்டிய தேவையே எழவில்லை. மறைந்தவரே எழுதி வைத்துச் சென்றிருந்தார், குடும்பமும் உடன்பட்டிருந்தது. இதைவிடத் தெளிவான உரிமை வேறென்ன வேண்டும்?

இவையெல்லாம் பெருந்தலைவர்களுக்கே பொருந்தும் என்று எண்ணிவிட வேண்டாம். என் இளமையில் எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கக் கிளைச் செயலாளர் ஒருவர் இறந்தார். சுடுகாட்டில் கிராணியும் மண்டோர்களும் நின்றிருந்தனர். முதிய தொழிலாளி ஒருவர் முன்வந்து, "லயத்துக்குக் கொழாத்தண்ணி வேணும்னு ஏழு வருசமா எழுதினாரு. அவரு போயிட்டாரு; தண்ணி இன்னும் வரல" என்று மட்டும் கூறி வாய்க்கரிசி இட்டார். எவரும் முகம் சுளிக்கவில்லை. கிராணி தலைகுனிந்து நின்றார். மாலைகளும் மலர்வளையங்களும் சொல்லாததை அவ்விரு வாக்கியங்கள் சொல்லிவிட்டன.

தமிழாசிரியர்களுக்கு இது புதிய செய்தியுமன்று. தலைவன் இறந்தபின் வருந்திப் பாடுவதைக் கையறுநிலை என்று நம் முன்னோர் தனித்துறையாகவே வகுத்தனர். தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் 112ஆம் பாட்டாக நிற்கிறது. அதில் மூவேந்தர்க்குச் சார்த்திக் கூறப்படும் வெற்றி அடைமொழி, உண்மையில் இகழ்ச்சிக் குறிப்பு என்று பழைய உரையாசிரியர் விளக்குகிறார். போரில் வெல்லமாட்டாது வஞ்சித்துக் கொன்றவரை வென்றவர் என்று சொல்லும் சொல்லுக்குள்ளே கண்டனம் அடங்கியிருக்கிறது. குரலை உயர்த்தவில்லை, வசை பாடவில்லை, ஆயினும் வேந்தரின் வஞ்சம் இன்றுவரை மறக்கப்படவில்லை. அழுகையும் அறச்சீற்றமும் ஒரே பாட்டில் அமையும் என்பதற்கு இதனினும் சிறந்த பாடம் நம்மிடம் இல்லை.

இரங்கலுரை எழுதப் பயிலும் மாணவர்களுக்கு நான் கூறுவது இதுதான். "ஈடு செய்ய இயலாத இழப்பு" என்று தொடங்காதீர்கள். அது எவருக்கும் பொருந்தும், ஆகையால் எவருக்கும் பொருந்தாது. மறைந்தவர் எதற்காக உழைத்தார் என்பதை முதலில் தேடி அறியுங்கள். அவர் முடிக்காமல் விட்டுச் சென்ற பணி எது என்று கேளுங்கள். அப்பணிக்குத் தடையாக இருப்போர் அவையில் அமர்ந்திருந்தால், அவரை இகழாமலும் அவருக்கு அஞ்சாமலும் அத்தடையைச் சொல்லுங்கள். குடும்பத்தார் மனம் நோகுமாயின் வேறொரு நாளுக்காகக் காத்திருங்கள். உங்களுக்கென்று ஒரு பயனை அவ்வுரையில் நாடுவதாக உணர்ந்தால், அந்த வரியை அடித்துவிடுங்கள். எஞ்சி நிற்பது கண்டனமாக இருந்தாலும் அது அஞ்சலியே.