டிஜிட்டல் ஓவியம்: கண் பழகினால் கை பழகும்

பேனா டேப்லெட் வாங்கியதும் ஓவியம் வந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஏராளம். இரண்டு மாதத்தில் அது தூசி படிந்து கிடக்கும். கருவி என்ன செய்யும் பாவம்! கிரிட்டாவை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம், நூறு தூரிகைகளுக்கு மேல் அதிலேயே இருக்கின்றன. பார்க்கத் தெரிந்த கண்ணைத்தான் இறக்கிக்கொள்ள முடியாது.

அதற்கு வழி, பார்த்து வரைவது. 1889-90இல் பிரான்சின் சான்-ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது வான்கோ, மில்லேயின் கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களைப் பார்த்துச் சுமார் இருபது ஓவியங்கள் தீட்டினார். வண்ணத்தை அவரே யோசிக்கவேண்டியிருந்தது. கணினியில் வரைபவர் மூலப்படத்தின் மேல் கலர் பிக்கரை வைத்து நிறத்தை எடுத்துக்கொண்டால் யோசிக்கும் வேலையே போய்விடுகிறது. எலுமிச்சம்பழத்தின் நிழல் பக்கம் என்ன நிறம் என்று கண்ணால் தேடி, தீட்டி, பிறகு பிக்கர் வைத்துச் சரிபார்த்தால் அது பயிற்சி.

அப்படியும் சில தப்புகள் வரைந்தவருக்குத் தெரியாது. மணிக்கணக்கில் பார்த்த கோணல் முகம் கண்ணுக்குப் பழகிவிடும். படத்தை இடவலமாகத் திருப்பினால் கொஞ்சம் பிடிபடும். இன்னொரு ஓவியர் பார்த்தால் சட்டென்று பிடிபடும். அவர் மேலே ஒரு லேயர் போட்டு, இடது கண்ணைச் சற்றே இறக்கி வரைந்து காட்டுவது பத்து "சூப்பர்"களைவிடப் பெரிது.

பலரும் படத்தை முடித்த பிறகே காட்டுகிறார்கள். மூன்று நாள் உழைப்பில் குறை சொன்னால் வலிக்கும், திருத்தவும் மனம் வராது. பாதியிலேயே காட்டி, "வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, தெரிகிறதா?" என்று கேட்பவருக்குத் திருத்த இன்னும் பாதிப் படம் மிச்சமிருக்கிறது.